ஒப்புரவை மறுப்பார்க்கு மறுப்பு

திருவள்ளுவனார் அறத்துப்பாலுள் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், ஈகை என மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் பிறர்க்கு உதவுதல் என்னும் ஒருபொருளே நுதலியனவாயின் ஒன்றே அமையும், இரண்டு வேண்டா. கூறியது கூறல் என்னுங் குற்றம் அவ்வாசிரியர்பால் நிகழாது. ஆகலின் இவ்விரண்டற்கும் வேற்றுமை உண்டென்பது பெறப்படும். ஈகையாவது இல்லார்க்கு உள்ளார் கொடுத்தல். ஒப்புரவாவது ஓரிடத்து ஒருங்கு வாழ்வார் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டாராய்த் தம் பொருளையும் உழைப்பையும் ஊர்க்குப் பொதுவாக்கி நிற்றல். ஊரார் நீருண்ணுங் குளத்தையும், ஊர் நடுவே பழுத்த மரத்தையும், உறுப்பெல்லாம் மருந்தாகும் மரத்தையும் ஒப்புரவுக்கு உவமை கூறிய ஆசிரியர், ஈகைக்கு அவற்றைக் கூறாமையும் நோக்கத்தக்கது. குளம் தன்பால் நீர் முகக்க வருவாரை ‘நீ யார்?’ என வினவுவதில்லை. முகந்தவர் எவர்க்கும் அடிமையாதலும் இல்லை. கோடையில் அதனைத் தூர் வாருவாரும் நீர் முகக்கும் அவ்வூராரே. கொள்வாரும் கொடுப்பாரும் ஒருவரேயாதல் ஒப்புரவின் சிறப்பியல்பு என்க.

இவ்வேற்றுமையை ஈண்டு விரிக்கப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. தலைநகராகிய தில்லியில், மார்கழி தை மாதங்களில் வீதியிற் படுத்துறங்குவார்க்கு இடமும் உணவும் தேடித்தருதற் பொருட்டு, தொழிலாளரும் மாணவரும் குருத்துவாராத் தொண்டரும் அக்கம்பக்கத்தாரும், அரசின் ஏவலை எதிர்பாராது தாமே கூடி முயன்று வருகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பனிக்காலத்தில் இத்தகைய கூட்டங்கள் தோன்றி உழைக்கின்றன. மேனாட்டார் இதனைப் ‘பரஸ்பர உதவி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். உருசிய நாட்டறிஞர் குரோபோத்கின் 1902ஆம் ஆண்டில் அப்பெயராலேயே ஒரு நூல் வெளியிட்டார். நம் மொழியில் இதற்குரிய சொல் ஒப்புரவு என்பதே. இம்முயற்சியைக் கற்றாரிற் சிலர் பழித்துரைக்கின்றனர். அவர் கூறுந் தடைகள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

தடைகளை ஆராயுமுன் பொருளின் உண்மை நிலையை அறிதல் முறையாகும். நம் நாட்டு மார்கழிப் பனி வைகறையில் நீராடுவார்க்கு நடுக்கந் தருமளவினது. தில்லிக் குளிர் உயிர் கொள்வது. சமவெளியில் இரவு வெப்பநிலை 4 பாகை செல்சியசு அளவிற்கு இறங்குமாயின் அதனைக் குளிர் அலை என வானிலைத் துறையார் அறிவிப்பர். தில்லியில் அத்தகைய இரவுகள் அரியனவல்ல. 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்திய நாட்டில் வீடின்றி வாழ்வார் சற்றேறக்குறைய 17.7 இலட்சம் பேர்; அவருட் பாதிக்கு மேற்பட்டார் நகரங்களில் உள்ளார்.

வீதியிற் படுப்பார் என்றவளவில் இரப்போர் என எண்ணுதல் பெரும் பிழை. ரிக்ஷா மிதிப்போர், சந்தைகளிற் சுமை சுமப்போர், மாளிகை கட்டுவோர், திருமண விருந்துகளிற் கலங் கழுவுவோர், கழித்த பொருள்களைப் பொறுக்கி விற்போர் ஆகியோரே அவருட் பலர். பழந்தில்லியில் ஜும்மா மசூதியை அடுத்த பகுதிகளில், ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வையை ஓரிரவுக்கு வாடகைக்கு விடுதல் ஒரு வாணிகமாகவே நடைபெற்றது. பகலெல்லாம் உழைத்தீட்டிய கூலியில் ஒரு பங்கினை, மறுநாட் காலையில் உயிரோடு எழுதற்கு வாடகையாக ஈந்தவரைச் சோம்பர் என்பாரது நாக்கூசாமை வியக்கத்தக்கது.

குளிர் உயிர் கொள்ளும் வகையும் அறிதற்குரியது. மேலே போர்த்த போர்வை எத்துணைத் தடிப்பினதாயினும், கீழே வெறுந்தரையாயின் உடலின் வெப்பத்தைத் தரை உறிஞ்சிவிடும். ஆகலின் வைக்கோலோ அட்டையோ கீழே பரப்புதல் இன்றியமையாதது. நனைந்த ஆடை வெப்பத்தை விரைந்து போக்கும். உண்ணாத வயிறு வெப்பத்தை உண்டாக்கமாட்டாது. கள்ளும் சாராயமும் உண்டவன் வெப்பம் உற்றதாக மயங்குவான். உண்மையில் அவை தோலின் குருதி நாளங்களை விரியச்செய்து உள்ளிருந்த வெப்பத்தை வெளியே விடும். அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை அடைத்த அறையில் வைத்துறங்குவார் அதன் நச்சுப் புகையால் எழாது மாய்தல் பனிக்காலந்தோறும் நிகழ்வது. இவற்றாற் பெறப்படுவது யாது? இடந்தந்து உணவு தாராமையும், உணவு தந்து இடந்தாராமையும் பாதி உதவியே என்பதும், இரண்டனோடும் இரவில் விழித்திருந்து பார்ப்பார் ஒருவர் வேண்டும் என்பதும் ஆம்.

அவ்வாறு பார்க்க வல்லார் யாவர்? எந்தப் பாலத்தின் கீழ் எவர் கிடக்கின்றார், எவர்க்குக் காய்ச்சல், எவள் கைக்குழந்தையோடு தனியே இருக்கின்றாள் என்பனவற்றை அலுவலகத்திலிருந்து அறிதல் அரிது. அவற்றை அறிவார் அவரோடு படுத்துறங்குவாரே. அரசினர் கட்டிய இரவுச் சாவடி அருகிலிருப்பவும் ஒருவன் அதனுட் புகாது வெளியே கிடப்பானாயின், ‘அவன் விருப்பம்’ எனக் கூறிப்போதல் எளிது. அவனைக் கேட்டவர்க்கன்றோ காரணம் விளங்கும்! வாடகைக்கு எடுத்த ரிக்ஷாவை வெளியே நிறுத்திவிட்டு உட்சென்றால் அது களவு போகும். களவு போயின் அதன் விலை முழுதும் அவன் தலைமேல் விழும். மனைவி ஓரிடத்தும் கணவன் ஓரிடத்துமாகப் பிரிக்கப்படுவராயின் குழந்தைகளோடு வீதியே மேலெனக் கருதுவர். நோயாளியும் முதியோரும் ஏறமாட்டாத இடத்தில் அமைந்த சாவடி அவர்க்கு இல்லாததனோடொக்கும். இவற்றையெல்லாம் வீதியில் வாழ்வாரே அறிவர். ஆதலால் அவர் கைகலவாத உதவி எத்துணைப் பொருட்செலவிற்றாயினும் குறிதப்பும்.

இனி உணவு பற்றிக் கூறுவாம். தில்லியில் இரவும் பகலும் வந்தவர்க்கெல்லாம் உணவளிக்கும் இடங்களுள் தலைசிறந்தன பங்களா சாகிப், சீசு கஞ்சு முதலிய குருத்துவாராக்கள். குருநானக் தொடங்கிய இலங்கர் என்னும் பொது அடுக்களையை மூன்றாங் குருவாகிய அமர்தாசர் உறுதிப்படுத்தினர். அவர்பால் வருவார் முதற்கண் பந்தியில் அமர்ந்துண்டு, அதன் பின்னரே அவரைக் காண்டல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர்கள் ‘பங்கத்து’ என்பதும் நாம் ‘பந்தி’ என்பதும் ‘பங்க்தி’ என்னும் ஒரே வடசொல்லின் திரிபுகள். சொல் ஒன்றாயினும் வழக்கு ஒன்றாயிருந்ததில்லை. அங்கே செல்வனும் கூலியாளும் எக்குலத்தாரும் ஒரே நிரையில் தரையில் அமர்வர். உண்டு எழுந்தவன் விரும்பின் உடனே உரொட்டி தட்டவும் கலங் கழுவவும் அமர்கின்றான். கொண்டவனே கொடுப்பவனாகும் இம்முறையே யாம் மேலே ஒப்புரவு எனக் கூறியது. நம் சத்திரங்கள் பலவற்றிலோ சாதி பிரித்துப் பந்தியிட்ட காலம் ஒன்று இருந்தது. பந்தி வஞ்சனையைப் பாவம் என்று கூறிக்கொண்டே பந்தியைப் பிரித்தமை நமக்குப் பெருமை தருவதன்று.

2020ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேலாகத் தில்லியெல்லையிற் சிங்கு, திக்ரி முதலிய இடங்களில் உழவர்கள் தங்கியிருந்தனர். அவர்தங் கோரிக்கையின் நியாயம் ஈண்டு ஆராய்ச்சிக்குரியதன்று. கடும்பனியில் டிராக்டர் வண்டிகளையே வைக்கோல் பரப்பிய அறைகளாக்கிக்கொண்டதும், வழியோரம் அடுப்பு மூட்டித் தாம் உண்டதனோடு அக்கம்பக்கத்துச் சேரிச் சிறுவர்க்கும் அளித்ததும் உலகறிந்தன. அடுக்களைக்கு எவரும் சம்பளம் பெற்றிலர்; அடுப்பு அணையவுமில்லை.

இந்நிலையில் 2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தில்லியில் நிகழ்ந்ததொன்றை நினைவுகூர்தல் வேண்டும். பூசா சாலையில் வீடற்றோர்க்கென அமைந்திருந்த கூடாரச் சாவடியொன்றை, குளிர் மிக்கிருந்த அந்நாளில், நகராட்சியினர் அகற்றிவிட்டனர். அங்கிருந்தவர் வீதிக்கு வந்தனர். வீதியில் நின்று தொண்டு செய்தவர்கள் வாளாவிருந்திலர். உணவுரிமை குறித்து 2001ஆம் ஆண்டு முதல் உச்சநீதிமன்றத்தில் நடைபெற்றுவந்த வழக்கின் வாயிலாக இச்செய்தி மன்றத்தாரை எட்டிற்று. 2010ஆம் ஆண்டு சனவரியில், வீடற்றோர்க்கு உடனே சாவடிகள் அமைக்குமாறு மன்றத்தார் ஆணையிட்டனர். அவ்வழக்கின் தொடர்ச்சியாகப் பிற மாநிலங்களின் நகரங்களும் இக்கடமைக்கு உட்பட்டன; நகர மக்கள் ஓரிலட்சம் பேர்க்கு 100 பேர் தங்கத்தக்க சாவடி ஒன்றேனும் வேண்டும் என்னும் அளவும் வகுக்கப்பட்டது. உணவும் உறையுளும் ஒன்றனோடொன்று பிரியாதன என்பதை உணவு வழக்கிலேயே உறையுளுக்கு ஆணை பிறந்தமை காட்டுகின்றது.

இனித் தடைகளை எடுத்துக்கொள்வாம்.

முதற்றடை. ‘உழையாமல் உணவும் இடமும் கிடைக்குமாயின் மக்கள் சோம்பராவர்’ என்பது. 2025ஆம் ஆண்டு பெப்ருவரியில், நகரங்களில் வீடற்றோர் நிலை பற்றிய வழக்கு உச்சநீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபொழுது, இலவசங்களால் மக்கள் உழைக்க மனமிலராய்ப் பிறரை ஒட்டி வாழும் கூட்டமாகின்றனரோ என்னும் வினா நீதிபதியொருவர் வாய்மொழியாகவே எழுந்தது. அது தீர்ப்பன்று, எனினும் அத்துணை உயர்ந்த இடத்தினின்று எழுந்தமையால், பழைய தடைக்குப் புதிய வலிமை வந்துவிட்டதென இதனை உவந்தெடுத்துப் பேசுவாரும் உளர்.

விடை. இத்தடை புதியதன்று. 1834ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வறியோர் சட்டம் இயற்றியவர்கள், உதவி பெறுவோன் நிலை கூலியாட்களுட் கடையானவன் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டுமென விதித்துத் தொழில்விடுதி என்னும் சிறையனைய இடங்களை அமைத்தனர். அக்கொள்கையின் நிழல் நம் நாட்டின்மேலும் விழுந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை மாகாணத்திற்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வார்க்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் சிறிது சில்லறையும் போதுமெனக் கூலியைக் குறைப்பித்தார். மாகாண சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இவ்வளவு போதாதென எடுத்துக்காட்டி எதிர்த்தார். சில மாதங்களுள் அவ்வளவை உயர்த்தவேண்டியதாயிற்று. அதற்குள் மாண்டவர் மீண்டிலர். சோம்பலுக்கு அஞ்சிச் சோற்றைக் குறைத்தார் கண்ட பயன் இஃதே.

அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமசாலையை நிறுவினார். அதற்கு நிலம் 80 காணி அளித்தவர் அப்பகுதி ஊராரே. உண்ண வந்தவனை ‘உழைத்தாயா?’ என அங்கே வினவினாரில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. அருட்பா பற்றிய வாதம் சைவர்க்குள் நெடுங்காலம் நிகழ்ந்ததுண்டு. அவ்வடுப்பைப் பற்றி அவ்வாதம் எழுந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் சோறிட்ட அச்சாலையால் அப்பகுதி உழவு நின்றுவிடவில்லை, வயல்கள் விளைந்துகொண்டேயிருக்கின்றன.

அன்றியும், தடை கூறுவார் காரணத்தையும் காரியத்தையும் மாற்றி உணர்கின்றனர். குளிரில் இரவெல்லாம் உறங்காதவன் மறுநாள் சுமை சுமக்கமாட்டான். உறக்கமும் உணவும் உழைப்பின் முதல். உழைப்பின் பரிசில் அல்ல. உழைத்தவனுக்கே உணவு என்னும் விதியை மெய்யாகவே நடத்தப் புகுந்தால், முதலில் எழுந்து செல்லவேண்டியவர் பந்தியிற் கடையில் அமர்ந்த சுமையாளரோ, தலைப்பந்தியில் அமர்ந்தவரோ என்பதை அறிவுடையார் எண்ணுக.

இரண்டாந்தடை. ‘இஃது அரசின் கடமை, தனிமக்கள் இதிற் புகுவது அரசைக் கடமையினின்றும் விடுவிப்பதாகும்’ என்பது.

விடை. இதன் முற்பகுதி எமக்கும் உடன்பாடே. அரசின் கடமை என்பதை மறுப்பார் ஒப்புரவாளருள் இல்லை. ஆயினும் கடமை எவருடையது என முடிவு செய்யும்வரை குளிர் காத்திராது. 2021ஆம் ஆண்டு பெப்ருவரியில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தைப் பெரும்பனி தாக்கிற்று. செல்வ வளத்திலும் மின்னாற்றலிலும் தலைநிற்கும் அம்மாநிலத்தில் 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்னின்றி இருண்டன. நீர்க்குழாய்கள் உறைந்து வெடித்தன. இறந்தவர் 246 பேர் என்பது அம்மாநில அரசு தந்த கணக்கு. வீட்டையுடையாரும் தம் வீட்டுக்குள்ளேயே குளிரால் மாண்டனர். அவ்விரவுகளில் ஆசுட்டின், ஊசுட்டன் முதலிய நகரங்களில் தம்முட் கூடிப் பணந்திரட்டி, வீடற்றோரை விடுதிகளிற் சேர்த்தும், குடிநீரும் சமைத்த உணவும் சுமந்து சென்றும் உதவினார் அக்கம்பக்கத்துக் கூட்டத்தார். அவர் அரசை விடுவித்தவராவரோ? இரண்டு கையும் உடையான் ஒரு கையால் வீழ்ந்தவனைத் தூக்கி, மற்றொரு கையால் அரண்மனை மணியை அசைத்தல் கூடும். தில்லியிற் கூடாரம் நீக்கப்பட்டபொழுது நீதிமன்றத்தார்க்குச் செய்தி எட்டியது, வீதியில் நிற்பார் உளராயிருந்தமையாலன்றோ? அவர் இலராயின், இறந்தவர் பெயரும் அறியப்படாது போயிருக்கும். ஒப்புரவு அரசின் கடமையை மறைப்பதன்று. அதனைக் கண்கூடாக்கிக் காட்டுவது.

எனினும் இத்தடையில் ஒரு மெய் உண்டு. தொண்டர் உளர் என்பதனையே சாக்காக்கி ஆட்சியாளர் ஒதுங்குதல் நிகழ்கின்றது. ஆகலின் அடுப்பு மூட்டுவார் அதனோடு அமையாது, எத்துணைப் பேர் உண்டனர், எத்துணைப் பேர்க்கு இடமின்றிற்று, எவ்விடத்துச் சாவடி பூட்டிக் கிடந்தது என்பனவற்றை இரவுதோறும் எழுதிவைத்து, உரியவரிடம் சேர்த்தலும் வேண்டும். கணக்கில்லாத தருமம் மறக்கப்படும்.

மூன்றாந்தடை. ‘வீதியில் உணவளித்தலும் கண்ட இடத்திற் படுக்கவிடுதலும் நகரத்தின் ஒழுங்கையும் அழகையும் கெடுக்கும், தீ முதலிய இடையூறும் உண்டு’ என்பது.

விடை. இதனை இரு கூறாக்கி ஆராய்தல் வேண்டும். தீ, நச்சுப்புகை, தொற்றுநோய் என்பன மெய்யான இடையூறுகள். அவற்றை இகழ்வார் அறிவிலர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், வீடற்றார் தங்குமாறு பனிக்காலத்திற் கோயிற் கதவை இரவும் பகலும் திறந்துவைத்த பாதிரியார்மேல் 2023ஆம் ஆண்டு இறுதியில் 18 குற்றச்சாட்டுக்கள் சுமத்தப்பட்டன. அக்கட்டடம் குடியிருப்புக்குரிய இடத்தில் இல்லை என்பதும் தீத்தடுப்பு விதிகட்கு மாறானது என்பதும் நகரத்தார் கூறியன. தீத்தடுப்பு வேண்டுவதே, ஆனால் அதற்குரிய பரிகாரம் இரண்டாவது வாயிலும், தண்ணீர்த் தொட்டியும், புகை உணர்த்துங் கருவியுமாம். உறங்குவாரைப் பனியில் தள்ளுதல் பரிகாரமாகாது. கூரை ஒழுகுமென்று வீட்டாரை மழையில் நிறுத்துவார் உளரோ?

அழகு என்னும் இரண்டாங் கூறோ எள்ளளவும் ஏற்கத்தக்கதன்று. 2023ஆம் ஆண்டு பெப்ருவரியில் தில்லியிற் சராய் காலே கான் என்னுமிடத்திலிருந்த இரவுச் சாவடி இடிக்கப்பட்டது. ‘சராய்’ என்பது வழிப்போக்கர் தங்கும் சாவடிக்குப் பெயர். பெயரளவிற் சாவடி நிற்க, பொருளளவிற் சாவடி வீழ்ந்தது. வறியவர் கண்ணிற் படாமையையே அழகு எனக் கருதுவார் வறுமையை நீக்க விரும்பாது, அதனைக் காணாமையை விரும்புகின்றார். வீடற்றவன் அவ்விடம் நீங்கினும் உலகை நீங்கான். வேறொரு பாலத்தின் கீழ், உணவும் போர்வையும் தேடிவருவார்க்கும் அகப்படாத இருளிற் சென்று கிடப்பான்.

நான்காந்தடை. இது நம்மவருட் சிலர் கூறுவது. ஆதலின் ஏனையவற்றினும் கூர்ந்து ஆராயத்தக்கது. ‘பசியும் குளிரும் அவரவர் முன்செய்த வினைப்பயன், பிராரத்தம் நுகர்ந்தே கழியும், இடையே புகுந்து நாம் மாற்றுதல் யாங்ஙனம்?’ என்பது அது.

விடை. இது சித்தாந்தத்தைக் கற்றவர் வாயிற் பிறக்கத்தக்க மொழியன்று. வினை சடம், அது தானே சென்று தன் பயனை ஊட்டாது, ஊட்டுவான் இறைவன் என்பதன்றோ நம் நூன்முடிபு? ஊட்டும் வகையை அவன் இன்னதென வரையறுத்து நம்மிடம் ஓலை தந்திலன். பனியிற் கிடந்தவனுக்கு அவ்விரவிற் போர்வை கிடைத்தலும் அவன் வினைப்பயனாதல் கூடும். அப்போர்வையைக் கொண்டுசெல்லும் கருவியாக நீர் நியமிக்கப்பட்டிருத்தலும் கூடும். மறுத்துப் போனீராயின், அவன் பிராரத்தத்தை நீர் அறிந்தவரானீர் அல்லீர். உமக்கு ஆகாமியம் ஒன்றைத் தேடிக்கொண்டவரே ஆனீர். மேலும், உம் மகற்குச் சுரங் கண்ட இரவில் ‘பிராரத்தம் நுகர்ந்தே கழியும்’ என உறங்கினீரோ, மருத்துவனை அழைத்தீரோ? தன் மனையில் முயற்சியும் அயலான் மனையில் வினையும் பேசுதல் சமயமாகாது. அது தன்னலத்திற்குச் சாத்திரத்தைப் போர்வையாக்குதலாம். அப்போர்வை குளிர்ந்தவனுக்கும் உதவாது.

இங்ஙனம் தடை நான்கும் விலக்கப்பட்டன. இனி நம் பக்கத்தையும் ஒருசிறிது நோக்குதல் வேண்டும். ‘யாமும் அன்னதானஞ் செய்கின்றோம், இவ்வுரை எமக்கு வேண்டா’ என்பார் உளர். மறுக்கவில்லை. ஆயினும் திருவிழா நாளில் ஒருவேளை இட்டு, இட்டவர் பெயரை இலையினும் பெரிய எழுத்தால் விளம்பரத் துணியிற் பொறித்து, மறுநாள் அவ்வாயிலிலேயே படுத்தவனைக் காவலாளால் எழுப்பி ஓட்டுதல் ஈகையின் பாற்படுமோ என்பதே ஐயம். ஒப்புரவின் பாற்படாமை தெளிவு. உண்டவன் பெயரை அறியாத தானம், இட்டவன் பெயரை மட்டும் அறிந்துவைத்திருத்தல் என்னை?

தென்னாட்டில் உயிர்கொல்லுங் குளிர் இல்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழை உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னையை வெள்ளஞ் சூழ்ந்தபொழுது, கோயில்களும் பள்ளிவாசல்களும் மாதாகோயில்களும் திருமண மண்டபங்களும் திறக்கப்பட்டன. முன்பின் அறியாதார் ஒருவர்க்கொருவர் சோறாக்கி அளித்தனர். மீனவர் தம் படகுகளைக் கொணர்ந்து மாடிகளிற் சிக்கினாரை மீட்டனர். அந்நாட்களில் எவரும் ‘சோம்பராவர்’ என்றிலர், ‘வினைப்பயன்’ என்றிலர், ஏனெனில் வெள்ளம் தடை கூறுவார் வீட்டினுள்ளும் புகுந்திருந்தது. தமக்கு வந்தவிடத்து ஒப்புரவாகத் தோன்றியது, பிறர்க்கு வந்தவிடத்துச் சோம்பல் வளர்ப்பதாகத் தோன்றுமாயின், வேற்றுமை நோக்குவார் கண்ணில் உள்ளது.

வெள்ளம் வடிந்தவுடன் மண்டபங்கள் மீண்டும் பூட்டப்பட்டன. வீதியில் நிலையாக வாழ்வார்க்கு ஆண்டு முழுதும் வெள்ளமே. ஆகலின் ஊர்தோறும் மழையும் பனியும் வருமுன்னரே சிலர் கூடுக. எந்த மண்டபம் இரவிற் றிறக்கப்படும், திறவுகோல் எவர்பால் உள்ளது, அரிசியும் விறகும் எங்கே, தரையிற் பரப்ப என்ன உண்டு, இரவில் விழித்திருப்பார் எவர் என்பனவற்றை வரையறுத்துக்கொள்க. அக்கூட்டத்தில் வீதியில் வாழ்வார் இருவரேனும் உடனிருந்து சொல்லவும் மறுக்கவும் உரிமை பெறுக. உண்டவர் விரும்பின் பரிமாறுவாரும் ஆகுக. பந்தி ஒன்றே ஆகுக. மடங்களும் கோயில்களும் தம் புறமண்டபங்களைக் கடுமழை இரவுகளில் திறந்துவிடுமாறு அவற்றின் அன்பர்களே முன்னின்று வேண்டுக.

குளத்தைத் தூர் வாராத ஊரார் கோடையில் நீரின்மைக்குக் குளத்தைப் பழித்தல் இல்லை, தம்மையே பழிப்பர். ஒரூரின் வீதியில் ஒருவன் குளிரால் இறந்து கிடந்தானாயின், அவ்வூரார் அவனது சோம்பலையோ, அரசின் கடமையையோ, நகரத்தின் அழகையோ, அவன் முன்வினையையோ ஆராய்ந்து முடிவு கூறுதற்கு முன், தம்முள் எவர் வீட்டுத் திண்ணை அவ்விரவில் வெறுமனே கிடந்தது என ஆராய்வாராக. தடை கூறுவார்க்கு யாம் கூறும் விடை இதுவே.